நீர் புகுந்த மோட்டார் சைக்கிளும் பதறாத கையும்

சேர்வராயன் மலையிலுள்ள வாழவந்தி முதலிய ஊர்களில் மோட்டார் சைக்கிள் ஓர் ஆடம்பரப் பொருளன்று என்பதை அங்கத்தினர் யாவரும் அறிவர். பறித்த காப்பிப் பழத்தை அன்று மாலையே தோல் நீக்கும் இடத்திற்குக் கொண்டு சேர்ப்பதும், மிளகு மூட்டையைச் சந்தைக்கு இறக்குவதும், காய்ச்சலுற்ற குழந்தையை நள்ளிரவில் ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்வதும் அவ்வண்டியே. மலையடிவாரத்தில் சேலத்தைச் சுற்றியுள்ள நெசவாளர் ஊர்களிலும் நிலைமை வேறன்று. சங்கத்திலிருந்து நூலும் பாவும் வாங்கி வருவதும், நெய்து முடித்த சேலையை ஒப்படைத்துக் கூலி பெற்று வருவதும் அவ்வண்டியின் பின்னிருக்கையை நம்பியே நடைபெறுகின்றன. வண்டி ஒரு வாரம் நின்றால் குடும்பத்தின் வரவும் ஒரு வாரம் நின்றதாகவே பொருள்.

இத்தகைய வண்டிக்குத் தண்ணீர் பெரும்பகை. அதிலும் மின்சார உறுப்புகளில் புகுந்த நீர் செய்யும் கேடு உடனே கண்ணுக்குப் புலப்படாது. இன்று ஓடிய வண்டி மூன்று மாதங்களுக்குப்பின் காரணமின்றி நிற்கும். ஆனால் நீரைக் காட்டிலும் பெரிய பகை ஒன்றுண்டு. அது நமது பதற்றம். நனைந்த வண்டியைக் கண்டவுடன் சாவியைத் திருப்பிப் பார்க்கும் கையே பெரும்பாலான சேதங்களுக்குக் காரணம் என்பதை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

ஒரே கொட்டகையில் இரண்டு வண்டிகள்

2024ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் தேதி இரவு புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்த பெஞ்சல் புயல், கடலோரத்தோடு நில்லாமல் உள்மாவட்டங்களையும் வருத்தியது அங்கத்தினர்களுக்கு நினைவிருக்கும். டிசம்பர் 2ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. ஏற்காட்டில் 24 சென்டிமீட்டர். ஊத்தங்கரையில் சாலையோரம் நிறுத்தப்பட்டிருந்த வேன்களையும் கார்களையும் வெள்ளம் உருட்டிச் சென்றது. நமது மலையிலோ ஓடைகள் கரை மீறின. மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து தடைபட்டது.

அம்மாதக் கடைசியில் வாழவந்திப் பக்கத்துச் சங்கம் ஒன்றைப் பார்வையிடச் சென்றிருந்தோம். கணக்குப் புத்தகங்களைப் பார்த்து முடித்தபின், கூடியிருந்த அங்கத்தினர்களின் பேச்சு வண்டிகளைப் பற்றித் திரும்பிற்று. அவர்களுள் அடுத்தடுத்த வீட்டினரான ஓர் இளைஞரும் ஒரு முதியவரும் இருந்தனர். இருவருடைய வண்டிகளும் ஓடைக்கரையிலிருந்த ஒரே கொட்டகையில் நின்றவை. ஒரே இரவில் இரண்டும் இருக்கை மட்டம் வரை சேற்றுநீரில் மூழ்கின. மறுநாள் இருவரும் சேர்ந்தே இரண்டையும் மேட்டிற்குத் தள்ளி ஏற்றினர்.

இளைஞர் உடனே சாவியைத் திருப்பினார். விளக்கு எரிந்தது. மகிழ்ந்து செல்ப் ஸ்டார்ட் பொத்தானை அழுத்தினார். வண்டி ஒருமுறை முனகி அடங்கியது, பியூஸ் போயிற்று. மாற்றுப் பியூஸ் கைவசம் இல்லாமையால், பழைய ஒயரிலிருந்து செப்புக் கம்பி ஒன்றை உருவி அவ்விடத்தில் செருகி மீண்டும் சாவியைத் திருப்பினார். இம்முறை பியூஸ் போகவில்லை. அதற்குப் பதிலாக இருக்கைக்கு அடியிலிருந்து புகை எழுந்தது. முழு ஒயரிங்கும், ரெகுலேட்டரும், ஸ்டார்ட்டர் ரிலேயும் மாற்ற வேண்டியதாயிற்று. மாற்றுப் பொருள் வந்து சேர்ந்து வண்டி ஓடத் தொடங்குவதற்குள் பதினெட்டு நாட்கள் கழிந்தன. காப்பி அறுவடையின் உச்சத்தில் அவர் பழத்தைத் தலைச்சுமையாகவும் வாடகை வண்டியிலும் கொண்டு சென்றார். இரண்டு நாட்கள் தாமதித்த பழம் மூட்டையிலேயே புளித்து மதிப்பிழந்தது. பழுதுக்கு ஆன செலவைவிட அந்த இழப்பே அவரை அதிகம் வாட்டியதாகத் தெரிந்தது.

முதியவரோ பேட்டரியின் இணைப்பைக் கழற்றி வைத்துவிட்டுத் தம் களத்து வேலையைப் பார்க்கப் போய்விட்டார். ஐந்தாம் நாள், பழுது பார்க்கத் தெரிந்த ஒருவரை அழைத்து, வண்டியைப் பிரித்துத் துடைத்து உலர்த்தியபின்னரே சாவியைத் தொட்டார். வண்டி கிளம்பிவிட்டது. எவ்வாறு அவ்வளவு பொறுமை வந்தது என்று நாம் வினவினோம். “ஈரக் காப்பியை மூட்டை கட்டுவோமுங்களா ஐயா? காயுற வரைக்கும் காத்திருக்கத்தானே வேணும்? வண்டியும் அப்படித்தானுங்க” என்றார்.

இளைஞரைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. சேலத்திலிருந்து ஏறும் இருபது கொண்டையூசி வளைவுகளுள் ஒன்றில், அடைமழையில் நமது வண்டியும் ஒருமுறை நின்றது. பட்டம் பெற்றும் பயனென்ன! பேட்டரியில் ஒரு துளி வலிமையும் எஞ்சாதவரை செல்ப் பொத்தானை அழுத்திக்கொண்டேயிருந்தோம். இறுதியில் அவ்வழியே வந்த லாரி ஓட்டுநர் ஒருவர் இறங்கி, தீப்பொறிச் செருகியின் மேல்மூடியைக் கழற்றி உள்ளேயிருந்த நீரை உதறித் துணியால் துடைத்து மாட்டினார். குறை அவ்வளவே. ஆனால் பேட்டரி தீர்ந்துவிட்டமையால் வண்டியைத் தள்ளிக்கொண்டே இறங்க நேர்ந்தது.

தண்ணீர் உள்ளே என்ன செய்கிறது?

தூய நீர் மின்சாரத்தை எளிதில் கடத்துவதில்லை. ஆனால் வெள்ளநீர் தூய நீரன்று. அதில் மண், உப்பு, தோட்டத்து உரம், சாக்கடை யாவும் கரைந்திருக்கும். அத்தகைய நீர், செல்லக்கூடாத இடங்களில் மின்சாரத்திற்குப் பாதை அமைத்துக் கொடுத்துவிடுகிறது. பியூஸ் போவதும், ரிலே தானே இயங்குவதும், ஹார்ன் தானே அலறுவதும் இதனாலேயே.

இதனினும் மெதுவாக, ஆனால் உறுதியாக நடைபெறும் கேடு ஒன்றுண்டு. பேட்டரியின் மின்சாரம் ஒரே திசையில் செல்வது. ஈரத்தின் ஊடே அது செல்லுங்கால், நேர்மின் பக்கத்திலுள்ள செம்பு சிறிது சிறிதாகக் கரைந்து வெளியேறும். பச்சை நிறத்தில் களிம்பு படியும். முலாம் பூசும் பட்டறையில் வேண்டுமென்றே செய்யப்படும் அதே வினைதான் நமது வண்டியின் கப்ளருக்குள் வேண்டாத முறையில் நடக்கிறது. மின்தொடர்பு இல்லாத செம்பு நீரில் கிடந்தால் களிம்பேற நாட்கள் பலவாகும். மின்தொடர்பு இருந்தாலோ சில மணி நேரத்திலேயே ஊசிமுனை போன்ற இணைப்புகள் அரிக்கப்பட்டுவிடும்.

சாவியைத் திருப்பாவிட்டாலே போதுமன்றோ என்று சிலர் கருதலாம். போதாது. ஸ்டார்ட்டர் ரிலே, ரெகுலேட்டர் முதலியவற்றுக்குச் சாவி அணைந்திருக்கும் போதும் பேட்டரியிலிருந்து நேர் இணைப்பு இருக்கும். புதிய வண்டிகளில் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கும் இவ்வாறே. ஆகவே பேட்டரி இணைந்திருக்கும் வரை அரிப்பும் தொடரும்.

முதல் வேலை

நீரிலிருந்து மீட்ட வண்டிக்குச் செய்ய வேண்டிய முதல் வேலை பேட்டரியைக் கழற்றுவதே. சட்டகத்தோடு இணைக்கப்பட்ட முனையை முதலில் கழற்ற வேண்டும். இக்காலத்து வண்டிகளில் அது எதிர்முனை. இந்த வரிசைக்குக் காரணமுண்டு. மற்ற முனையை முதலில் கழற்றும்போது ஸ்பானர் தவறிச் சட்டகத்தில் பட்டால் பேட்டரி முழு வேகத்துடன் பொறி கக்கும். அருகில் பெட்ரோல் இருப்பதை மறக்கலாகாது. மீண்டும் பொருத்தும்போது வரிசை தலைகீழாகும். நேர்முனையை முதலிலும், சட்டக முனையைக் கடைசியிலும் இணைக்க வேண்டும்.

அடுத்து, எந்த மட்டம் வரை நீர் ஏறியது என்பதைச் சேற்றுக்கோட்டைக் கொண்டு குறித்துக்கொள்க. அக்கோட்டிற்குக் கீழிருந்த ஒவ்வோர் உறுப்பையும் பார்த்தாக வேண்டும். கோட்டிற்கு மேலிருந்தவற்றில் மழைநீர் மட்டுமே பட்டிருக்கும். இன்ஷூரன்ஸ் உள்ளவர்கள் இந்நிலையிலேயே படம் எடுத்துவைத்து, வண்டியைப் பிரிக்குமுன் நிறுவனத்திற்குத் தெரிவித்தல் நலம். மூன்றாம் நபருக்கான கட்டாய இன்ஷூரன்ஸ் மட்டும் வைத்திருப்போருக்கு வெள்ளச் சேதத்திற்கு ஈடு கிடைக்காது. முழுப் பாதுகாப்பு வைத்திருப்போருக்கும், நீர் புகுந்தபின் வண்டியை இயக்க முயன்றதால் நேர்ந்த சேதத்திற்குப் பொதுவாக ஈடு மறுக்கப்படுகிறது. பொறுமைக்கு இங்கும் பண மதிப்பு உண்டு.

கழுவுதல்

நனைந்ததை மீண்டும் நனைப்பதா என்று வியப்புத் தோன்றலாம். ஆயினும் உலர்த்துமுன் கழுவுதல் இன்றியமையாதது. சேற்றுநீர் உலர்ந்தால் நீர் போகும். உப்பும் மண்ணும் தங்கிவிடும். அவ்வுப்பு அடுத்த பனிமூட்டத்தில் காற்றின் ஈரத்தை ஈர்த்து அரிப்பை மறுபடியும் தொடங்கும். கடலோர மாவட்டங்களில் கடல்நீர் பட்ட வண்டிகளுக்கு இவ்வெச்சரிக்கை பன்மடங்கு பொருந்தும்.

கப்ளர்களின் பூட்டை மெல்ல அழுத்தி ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டும். ஒயரைப் பிடித்து இழுத்தல் கூடாது. பிரிக்குமுன் எது எதனோடு சேர்ந்திருந்தது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். பாவு பிணைக்கும் நெசவாளருக்கு இதை விளக்கவேண்டியதில்லை. நூற்றுக்கணக்கான இழைகளில் எது எதனோடு சேரும் என்று பிழையின்றி அறிந்த கண்ணுக்கு, நிறம் நிறமான சில ஒயர்கள் பெரிய காரியமல்ல. பிரித்த கப்ளர்களைப் பேட்டரிக்கு ஊற்றும் வாலை நீரால் கழுவி, பழைய பல்துலக்கியால் மெல்லத் தேய்க்கலாம். பின்னர் காண்டாக்ட் கிளீனர் என விற்கப்படும் தெளிப்பானையோ, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலையோ பயன்படுத்தினால் எஞ்சிய நீரையும் அது உடன்கொண்டு ஆவியாகும். அது தீப்பற்றும் பொருளாதலால் திறந்த வெளியில் செய்வதே முறை. பெட்ரோலால் கழுவும் வழக்கத்தை அறவே விட்டுவிடவேண்டும். அது ரப்பர் உறைகளை உப்பச் செய்யும்; உயிருக்கும் ஆபத்து.

நீரைப் பீய்ச்சியடிக்கும் இயந்திரத்தால் மின் உறுப்புகளைக் கழுவுதல் பெருந்தவறு. மழைக்கும் தெறிப்புக்கும் தாங்கும்படி அமைந்த அடைப்பான்கள் அவ்வேகத்திற்குத் தாங்கா. நல்ல நிலையிலிருந்த பெட்டிக்குள்ளும் நீர் புகும்.

உலர்த்துதல்

காப்பிக் கொட்டையைக் களத்தில் உலர்த்துபவர்களுக்கு ஒரு செய்தி தெரியும். மேலே கை வைத்தால் காய்ந்ததாகத் தோன்றும். பருப்பைக் கடித்தால் உள்ளே ஈரம் தெரியும். கப்ளர்களும் ஸ்விட்சுகளும் அத்தகையவையே. வெளிப்புறம் ஒரு மணி நேரத்தில் காயும். உள்ளறையில் ஒரு துளி நீர் ஒரு வாரமும் தங்கும்.

சமவெளியில் இரண்டு நாள் வெயிலும் காற்றும் பெரும்பாலும் போதும். மலையிலோ டிசம்பர் மாதத்தில் பகல் முழுதும் மூடுபனி, காற்றே ஈரம். இங்கு வண்டியை வெளியில் நிறுத்திக் காத்திருப்பதால் பயனில்லை. கழற்றக்கூடிய உறுப்புகளைக் கழற்றி வீட்டிற்குள் கொண்டுவர வேண்டும். மின்விசிறியின் முன் வைப்பது நன்று. மரப்பெட்டி ஒன்றில் பழைய குண்டு விளக்கைப் பாதுகாப்பாகத் தொங்கவிட்டு, அதன் மெல்லிய வெப்பத்தில் ஓரிரவு வைப்பது இன்னும் நன்று. கையால் தொட முடியாத சூட்டிற்கு மேல் போகக்கூடாது. அடுப்பின் மேல் வைப்பதும், தீக்கொழுந்தைக் காட்டுவதும் வேண்டா. பெட்ரோல் தொட்டியுள்ள வண்டியை அடுப்புள்ள அறையில் நிறுத்துதல் எக்காரணம் கொண்டும் கூடாது. அரிசிப் பானையில் புதைப்பதாலும் அதிகப் பயனில்லை. அரிசி ஈரத்தை மிக மெதுவாகவே ஈர்க்கும். அதன் மாவுத்தூள் உள்ளே புகுந்து ஒட்டிக்கொள்ளும்.

உறுப்பு உறுப்பாக

கைப்பிடி ஸ்விட்சுகள்: இரண்டு திருகாணிகளைக் கழற்றினால் திறந்துவிடும். நீர் தங்குவதற்கு இதனினும் வசதியான இடம் வண்டியில் இல்லை. உள்ளே சிறு குண்டும் வில்லும் இருக்கும். அவை தெறித்து விழாமல் துணி விரித்துத் திறக்க வேண்டும்.

தீப்பொறிச் செருகியும் அதன் மூடியும்: செருகியைக் கழற்றியவுடன் சாவி அணைந்த நிலையிலேயே கிக்கரை மெதுவாக உதைத்துப் பார்க்க வேண்டும். சிலிண்டருக்குள் நீர் இருந்தால் துளை வழியே வெளியேறும். செருகியைக் கழற்றாமல் வேகமாக இயக்கினால், அமுங்காத நீர் பிஸ்டனைத் தடுத்து இணைப்புத் தண்டையே வளைத்துவிடும். மூடியில் மயிரிழை வெடிப்பு இருந்தால் மின்சாரம் அவ்வழியே சட்டகத்திற்குத் தாவும். வண்டி ஓடும் நிலைக்கு வந்தபின் இருட்டில் பார்த்தால் நீலப் பொறி ஊர்வது தெரியும். மூடியை மாற்றிவிடுவதே வழி.

மேக்னெட்டோ: சில வண்டிகளில் இது எண்ணெயினுள்ளும், சிலவற்றில் உலர்ந்த அறையினுள்ளும் அமைந்திருக்கும். உலர்ந்த அறையாயின் மூடியைத் திறந்து சேற்றைக் கழுவி உலர்த்த வேண்டும். காந்தம் இரும்புத்தூளை ஈர்த்து வைத்திருக்கும். அதைத் துடைக்க வேண்டும். எண்ணெயினுள் அமைந்ததாயின் எண்ணெய் பாலைப்போல் வெளுத்திருக்கிறதா என்று பார்த்து, வெளுத்திருந்தால் மாற்ற வேண்டும். பின்னர் மல்டிமீட்டரால், சுருளின் ஒயருக்கும் சட்டகத்திற்கும் இடையே மின்பாதை உண்டா என்று சோதிக்கலாம். பாதை இருத்தல் கூடாது. சிறிய வண்டிகள் சிலவற்றில் சுருளின் ஒரு முனையைச் சட்டகத்தோடேயே இணைத்திருப்பர். அங்கு இச்சோதனை பொருந்தாது.

ஸ்டார்ட்டர் மோட்டார்: இதற்குள் புகுந்த சேறு தானே வெளியேறாது. பிரித்துப் பார்த்து, பிரஷ்களையும் அவை உராயும் செப்பு உருளையையும் மெல்லிய உப்புத்தாளால் துடைத்து, தூள் தங்காமல் ஊதிவிட வேண்டும். இன்று சுழல்கிறதே என்று விட்டுவிட்டால், துருவேறி அடுத்த மாதம் இறுகி நிற்கும்.

சி.டி.ஐ. பெட்டியும் ரெகுலேட்டரும்: இவற்றின் உட்புறத்தைப் பெரும்பாலும் பிசின் வார்த்து மூடியிருப்பர். ஆகவே நீரால் அவை கெடுவது குறைவு. அவற்றின் கப்ளர்களே கெடுகின்றன. கப்ளரைச் சுத்தம் செய்யாமல் பெட்டி கெட்டுவிட்டதென்று புதியது வாங்கிப் பணம் இழப்பவர் பலர்.

பழைய வண்டியும் புதிய வண்டியும்

1955ஆம் ஆண்டு சென்னைத் திருவொற்றியூரில் என்பீல்டு தொழிற்சாலை தொடங்கப்பட்ட காலத்து வண்டிகளில், தீப்பொறிக்குக் காரணமான உறுப்பு ஒரு ஜதை காண்டாக்ட் பாயிண்டும் ஒரு கண்டென்சருமே. நனைந்தால் மூடியைத் திறந்து, பாயிண்டைத் துணியால் துடைத்து, இடைவெளியைச் சரிபார்த்து ஓட்டிவிடுவர். பழைய புல்லட்டில் அவ்விடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் வரை. இன்றும் அத்தகைய வண்டி வைத்திருப்போருக்கு அம்முறையே போதும். கண்டென்சர் மட்டும் ஈரத்தில் கெட்டிருந்தால் பொறி வலுவிழந்து மஞ்சளாகத் தோன்றும். அதை மாற்ற வேண்டும்.

2020ஆம் ஆண்டு ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் ஆறாம் தரம் நடைமுறைக்கு வந்தபின், விற்பனையாகும் வண்டிகள் பெரும்பாலானவற்றில் கார்புரேட்டர் இல்லை. எரிபொருளை மின்முறையில் தெளிக்கும் ஏற்பாடும், அதை ஆளும் கட்டுப்பாட்டுப் பெட்டியும் உள்ளன. இப்பெட்டியை வீட்டில் திறத்தல் கூடாது. அதன் கப்ளரைக் கழற்றிக் கழுவி உலர்த்துவதோடு நிறுத்திக்கொண்டு, எச்சரிக்கை விளக்கு அணையாவிடில் அதற்குரிய கருவி வைத்திருப்பவரிடம் செல்வதே முறை. இவ்வண்டிகளில் தீப்பொறியைச் சோதிக்கும்போது, செருகியின் உலோக உடல் என்ஜினைத் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அந்தரத்தில் தொங்கவிட்டுச் சோதித்தால் உயர் மின்னழுத்தம் பெட்டியையே தாக்கலாம். செருகித் துளையருகே பொறி பறக்காதவாறும் பார்த்துக்கொள்ள வேண்டும். அங்கே பெட்ரோல் ஆவி வெளிவரும்.

மின்சார ஸ்கூட்டர் வைத்திருப்போருக்கு ஒரு தனி எச்சரிக்கை. ஐ.பி. 67 என்ற குறியீடு, ஒரு மீட்டர் ஆழ நீரில் அரைமணி நேரம் மூழ்கினாலும் நீர் புகாது என்ற சோதனையைக் குறிப்பது. ஓரிரவு முழுதும் வெள்ளத்தில் கிடந்ததற்கு அது உறுதிமொழியன்று. லித்தியம் பேட்டரிக்குள் நீர் புகுந்தால் சில நாட்கள் கழித்தும் தீப்பற்றக்கூடும். அதைத் திறக்கவோ, சார்ஜ் செய்யவோ, வீட்டிற்குள் வைக்கவோ கூடாது. வீட்டை விட்டு விலக்கி நிறுத்தி, உற்பத்தியாளரின் பணியாளரை அழைப்பதே தக்கது.

சோதனை விளக்கு

யாவும் உலர்ந்தன, கப்ளர்களுக்குள் சிலிக்கோன் கிரீஸ் மெல்லத் தடவிப் பூட்டியாயிற்று. இனிப் பேட்டரியை இணைக்கலாமா? அதற்குமுன் ஓர் எளிய சோதனை உண்டு. 12 வோல்ட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றில் இரண்டு ஒயர்களைப் பற்றவைத்துக்கொள்க. நேர்முனையை இணைத்தபின், எதிர்முனைக்கும் அதன் ஒயருக்கும் இடையே இப்பல்பை வைக்கவேண்டும். சாவி அணைந்திருக்கும்போது பல்பு எரியலாகாது. எரிந்தால் எங்கேயோ ஈரத்தின் வழியாகவோ, தோலுரிந்த ஒயரின் வழியாகவோ மின்சாரம் கசிகிறது என்று அறியலாம். கப்ளர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தால், எதைக் கழற்றும்போது பல்பு அணைகிறதோ அங்கே குறை. பியூசும் போகாது, ஒயரும் கருகாது. பல்பே மின்சாரத்தை மட்டுப்படுத்திக் காவல் நிற்கும். நமது இளைஞரிடம் அன்று இப்பல்பு ஒன்று இருந்திருந்தால் அவருடைய ஒயரிங் தப்பியிருக்கும்.

பல்பு எரியவில்லையெனில் பேட்டரியை இணைக்கலாம். பேட்டரியின் அழுத்தம் சுமார் 12.6 வோல்ட்டுக்குக் குறையாதிருத்தல் நன்று, 12.4க்குக் கீழ் இருந்தால் முதலில் சார்ஜ் செய்யவேண்டும். பிறகு விளக்கு, ஹார்ன், இண்டிகேட்டர் எனத் தனித்தனியே பார்த்து, கடைசியில் என்ஜினை இயக்க வேண்டும். ஓடும் என்ஜினில், வேகத்தைச் சற்று ஏற்றியபோது, பேட்டரி முனைகளில் 13.5 முதல் 14.5 வோல்ட் வரை காட்டினால் சார்ஜ் சரியாகவே ஏறுகிறது எனக் கொள்ளலாம். பியூஸ் போனால், எழுதப்பட்டுள்ள அதே ஆம்பியர் அளவுள்ள பியூசையே போட வேண்டும். செப்புக் கம்பியும் சிகரெட் பெட்டித் தகடும் பியூஸ் ஆகா. பியூஸ் போவது குறையன்று; குறை இருக்கிறதென்று அது சொல்லும் செய்தி.

ஒரு மாதம் கழித்துக் கப்ளர்களை மறுபடியும் திறந்து பார்ப்பவரே முழு வேலை செய்தவராவார். பச்சைக் களிம்பு தலைகாட்டியிருந்தால் அப்போதே துடைத்துவிடலாம்.

சங்கம் செய்யக்கூடியது

மேற்சொன்னவற்றுக்கு வேண்டிய கருவிகள் மிகச் சில. ஒரு மல்டிமீட்டர், ஒரு சிறிய பேட்டரி சார்ஜர், சோதனை விளக்கு, ஸ்பானர்களும் திருப்புளிகளும், காண்டாக்ட் கிளீனர், சிலிக்கோன் கிரீஸ், வாலை நீர், பல அளவுப் பியூஸ்கள். ஒவ்வொருவரும் தனித்தனியே வாங்கினால் ஆண்டில் முந்நூற்றறுபது நாட்கள் அவை பரணில் கிடக்கும். ஊருக்கு ஒரு பெட்டியாக வைத்தால் செலவு தலைக்குச் சில ரூபாய்களே. தனித்தனியே வாங்க இயலாததைக் கூடி வாங்குவதும், தனித்தனியே தாங்க இயலாத இழப்பைக் கூடித் தாங்குவதும் அன்றோ நமது இயக்கத்தின் அடிப்படை?

அன்று மாலை அச்சங்கத்தார் இதைக் கலந்து பேசினர். பெட்டியை வாங்குவதில் மாறுபாடில்லை. அதை யாரிடம் ஒப்படைப்பது என்ற வினா எழுந்தபோது சிறிது நேரம் எவரும் பேசவில்லை. பின்னர் முதியவர் தம் அண்டை வீட்டு இளைஞரைச் சுட்டி, “இவன்கிட்டயே இருக்கட்டுமுங்க. பட்டவனுக்குத்தான் அருமை தெரியும்” என்றார். சிலர் சிரித்தனர். இளைஞர் சிரிக்கவில்லை. பெட்டியை வைத்துக்கொள்வதோடு, வேலையையும் முறையாகக் கற்றுக்கொள்வதாக அவர் கூறினார். பெட்டியை எடுப்பவர் பெயரும், திருப்பிய தேதியும், தீர்ந்த பொருளும் எழுதுவதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் வைக்க வேண்டும் என்பது மட்டுமே நாம் சேர்த்த யோசனை.

வடகிழக்குப் பருவமழை ஆண்டுதோறும் வரும். 2015 டிசம்பரில் சென்னையையும், 2023 டிசம்பரில் 95 சென்டிமீட்டர் மழையால் காயல்பட்டினத்தையும் நனைத்தது போல, எந்த ஆண்டு எந்த ஊரின் முறை என்று எவரும் அறியார். மழையைத் தடுக்க நம்மால் இயலாது. வண்டியை மேட்டில் நிறுத்தவும், நனைந்துவிட்டால் பேட்டரியைக் கழற்றிவிட்டுக் காத்திருக்கவும் இயலும். பதறாத காரியம் சிதறாது என்பது நம் முன்னோர் சொல். ஒவ்வொரு சங்கத்தாரும் வரும் ஐப்பசிக்குள் இத்தகைய பெட்டி ஒன்றை ஏற்பாடு செய்து, அதைக் கையாள ஓர் இளைஞரையும் பழக்கி வைப்பார்களாக.